ஆளைச் சோதித்தார்கள், இடத்தைச் சோதித்தார்களா?

தொழில் செய்யுமிடத்தில் உயிருக்கும் உடலுக்கும் ஊறு விளைக்கக்கூடியவை யாவை என்று முன்னதாகவே தேடிப் பார்த்து நீக்கும் வழக்கத்தைப்பற்றி நம்மவரிடையே இருவகை எண்ணங்கள் உலவுகின்றன. அஃது ஆலைக்காரரின் மேசைமீது சர்க்கார் ஏற்றிவைத்த காகிதச் சுமை என்பர் ஒரு சாரார். மற்றொரு சாராரோ, இயந்திரத்தில் கை போயிற்றென்றால் தலையில் எழுதியபடி நடந்தது என்று பெருமூச்செறிந்து, அடுத்த நாள் அதே இயந்திரத்தின் முன் வேறொருவனை நிறுத்துவர். இவ்விரு திறத்தாரும் பிறையின் பழங்கதையைச் சற்றே கேட்பாராயின், இச்சோதனை என்பது காகிதமும் அன்று, விதியை எதிர்த்த வீண் முயற்சியும் அன்று என்பது விளங்கும். நம் முன்னோர் இம்மண்ணில் மிதித்த நாள்முதல் யாரோ ஒருவர் எதையோ சோதித்துக்கொண்டேதான் இருந்தார். எதைச் சோதித்தார், யார் கண்ணால் சோதித்தார் என்பதே ஆராயத்தக்கது.

மலாய்மொழியில் பெறாய் என வழங்கும் ஆற்றையும் ஊரையும் தமிழன் தன் காதுக்கு இனிதாகப் பிறை என்றான். வளர்பிறையாகுமென நம்பி வந்தவர்க்கு அது பலகாலம் தேய்பிறையாகவே இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார் உண்டு. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் அன்று வெல்லெஸ்லி மாகாணம் என்றும் இன்று செபராங் பிறை என்றும் பெயர்பெற்ற நிலப்பரப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. கலடோனியா, பத்து காவான், மலாக்கோப்பு, பிறை முதலிய தோட்டங்களில் கரும்பு நட்டவரும் வெட்டியவரும் ஆலையில் பிழிந்தவரும் பெரும்பாலும் தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு முதலிய சீமைகளிலிருந்து வந்த தமிழரே.

அவ்வாறு வந்தவர் எத்தனைமுறை சோதிக்கப்பட்டார் என்று எண்ணிப் பார்ப்போம். நாகப்பட்டினத்துக் கூடாரத்தில் ஒருமுறை, கப்பலேறுமுன் ஒருமுறை, பினாங்கை அடைந்ததும், தொற்றுநோய் உண்டோ என்று பார்ப்பதற்காக ஜெரெஜாக் தீவில் இறக்கி ஒருமுறை. பிற்காலத்தில் பிறையில் அமைந்த டிப்போவிலும் வரிசையாக நிறுத்தப்பட்டுக் கணக்கெடுக்கப்பட்டார். நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணிமையைப் பிதுக்கினார்கள், புயத்தில் அம்மை குத்தினார்கள். தொற்றுநோயைத் தடுப்பதற்கு இவையெல்லாம் வேண்டியவையே. நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் இத்தனை சோதனையும் ஆளைப்பற்றியது. அந்த ஆள் போய்ச் சேரப்போகும் தோட்டத்தில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகின்றது, லயத்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர், சதுப்பு எத்தனை கஜ தூரத்தில் இருக்கின்றது என்று அவன் கப்பலேறுமுன் சோதித்தவர் யார்? மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். தொழுவத்தைப் பார்ப்பது மாட்டின் வேலை அன்றோ என்று நினைப்பான் போலும்.

இக்கணக்கைத் தலைகீழாகத் திருப்பியவர் ஒரு சர்க்கார் வைத்தியர். 1873-ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி மாகாணத்து வைத்தியராயிருந்த காக்லன் என்பார், மலாக்கோப்புத் தோட்டத்துக் கூலிகள் கொடுமைக்கு ஆளாகி நலிந்திருப்பதைக் கண்டு, அதனை மேலிடத்துக்கு எழுதினார். விசாரணை நடந்தது, பெயர் ஊருக்கெல்லாம் பரவிற்று. இதற்கு முந்திய 1872-ஆம் ஆண்டில்தான் இந்திய சர்க்கார் நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஆள் அனுப்புவதைச் சட்டபூர்வமாக்கியிருந்தனர். மலாக்கோப்புச் செய்தி வெளியானபின், அனுப்பப்பட்டவரின் நிலையைப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்னும் பேச்சை எவராலும் தட்டிக்கழிக்க இயலவில்லை. 1876-ஆம் ஆண்டின் சட்டமும், பின்னர் 1884-ஆம் ஆண்டின் சட்டமும் குடியேறினோர் காப்பாளர் என்னும் பதவிக்கு அதிகாரங்கள் அளித்தன.

அவ்வைத்தியர் செய்ததை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவர் தோட்டத்து ஆபீசில் அமர்ந்து பதிவேட்டைப் புரட்டி உண்மையைக் கண்டாரல்லர். நோயுற்ற உடம்பைக் கண்டு, 'இவ்வுடம்பு எவ்விடத்திலிருந்து வந்தது, அங்கே இதற்கு நேர்ந்தது யாது?' என்று பின்னோக்கிச் சென்றார். பெரட்டு வரிசையில் ஆளைப் பார்த்து வேலைக்குத் தகுவானா என்று மட்டும் கேட்பவனுக்கும் இவ்வைத்தியருக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

இக்கேள்வியை முதன்முதலில் நூலாக்கியவர் இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமசீனி. மோதேனா நகரில் தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவன் மூச்சு வாங்க விரைந்து வேலை செய்வதை அவர் கண்டார். ஏன் இத்துணை அவசரம் என்று வினவ, நான்கு மணி நேரத்துக்கு மேல் இவ்விடத்தில் தங்கினால் கண் குருடாகும் என்று அவன் விடையளித்தான். ராமசீனி அவன் சொல்லைத் தள்ளவில்லை; நகரத்தில் கண்பார்வை இழந்து பிச்சை எடுப்போரை விசாரித்து, அவருட் பலர் அத்தொழில் செய்தவரே என்றறிந்தார். 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப்பற்றி நூல் வெளியிட்டு, வைத்தியர் நோயாளியைக் கேட்கவேண்டிய கேள்விகளோடு 'உன் தொழில் யாது?' என்பதனையும் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தோட்டி என்று நம் நாட்டில் தூர நிறுத்தப்பட்டவன் ஒருவனுடைய வாய்மொழியே அங்கே ஒரு சாஸ்திரத்துக்கு அடிக்கல்லாயிற்று. சாதியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. தொழிலால் வந்த நோயைக் கேட்கும் பழக்கம் இருந்ததில்லை.

மலாயாவுக்குத் திரும்புவோம். கரும்பு போய் ரப்பர் வந்தது. காடுகள் வெட்டப்பட்டன; காய்ச்சலும் வந்தது. 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் நாடுகளின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரவருள் அறுபதின்மருக்கு மேல் மாண்டனர். காரணம் யாதென்று கேட்டால், முனியடித்தது என்பான் தொழிலாளி; கெட்ட காற்று என்பான் துரை. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் கெட்ட காற்று என்பதே. துரையின் காற்றுக்கும் நம்மவனின் முனிக்கும் வேற்றுமை அதிகமில்லை. இரண்டையும் கையால் பிடித்துக் காட்ட முடியாது.

கையால் பிடித்துக் காட்டக்கூடியது கொசு. 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் காட்டினார். நான்காண்டுகட்குப் பின் கிள்ளானுக்கு வைத்தியராய் வந்த மால்கம் வாட்சன், நோயாளிக்குக் கொயினா கொடுப்பதோடு நில்லாமல், நகரத்தைச் சுற்றிய சதுப்பையும் தேங்கு நீரையும் வடித்தார். கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளர் 1901-ஆம் ஆண்டில் 334 பேர், 1902-இல் 129, 1903-இல் 48. இவ்வெண்களை நாம் இங்கே எடுத்து எழுதுவது காரணத்தோடுதான். ஆளை மட்டும் சோதித்துக் கொண்டிருந்த நாட்டில் இடத்தைச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

எனினும் வாட்சன் வழியில் ஒரு குழி இருந்தது. அதுவே இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் சுவையான பகுதி. கடலோரத்துச் சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. அம்முறையையே மலைப்பாங்கான உள்நாட்டுத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் ஏறிற்று. ஏனெனில் கடலோரத்துக் கொசு நிழலடர்ந்த குட்டையில் முட்டையிடுவது. மலையோரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. மரத்தை வெட்டி வெளிச்சம் விட்டவர்கள் தாங்களே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். பின்னர் மலையிடுக்குகளில் ஓடைநீரைக் குழாய்வழி நிலத்தடியில் செலுத்தினார்கள். தேங்கிய நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். கண்ணுக்கு அழகான தெளிந்த ஓடைதான் எமன் என்று எவன் ஊகித்திருப்பான்? ஓரிடத்து விடையை மற்றோரிடத்துக்கு அப்படியே பெயர்த்தெழுதும் பரிசோதகர்கள் இன்றும் இருக்கின்றார்கள். அவர்களை எண்ணியே இதனைச் சற்று விரித்தோம்.

அந்நாளில் பல தோட்டங்களில் பெரட்டுக்கு வந்தவர்க்கெல்லாம் கொயினா ஊற்றி, விழுங்கினார்களா என்றும் பார்த்தார்கள். மீண்டும் ஆளின் வாய்க்குள்தான் பார்வை சென்றது. குழாய் பதிக்கப் பணம் வேண்டும், கொயினா மலிவு.

சோற்றிலும் இத்தகைய பாடம் ஒன்று கிடைத்தது. சுரங்கத்துச் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரி நோயால் கால் வீங்கி மாண்டபோது, தோட்டத்துத் தமிழர் பெரும்பாலும் தப்பினர். தமிழன் புழுங்கலரிசி உண்டான். சீனர் தீட்டிய பச்சரிசி உண்டார். இவ்வேற்றுமையை வைத்தியர் பிராடன் தமது 1907-ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் செய்த ஆராய்ச்சி, தீட்டும்போது நீங்கிவிடும் மேற்பகுதியிலேயே உடம்புக்கு வேண்டிய பொருள் இருக்கின்றதென உறுதிப்படுத்திற்று. நம் பாட்டிமாரின் அடுப்படியில் இருந்த அறிவு, கேட்பாரின்றி எத்தனை காலம் கிடந்தது!

இனி இயந்திரத்துக்கு வருவோம். கரும்பாலையில் உருளைகளுக்கிடையே கரும்பைச் செலுத்துபவன் தூங்கி விழுந்தால் விரல் முன்னே போகும், கை பின்னே போகும். மேற்கிந்தியத் தீவுகளின் பழைய ஆலைகளில் உருளைக்கருகே ஒரு கோடரி வைத்திருப்பார்களாம். கை சிக்கினால் உடல் முழுதும் போகுமுன் கையை வெட்டிவிடுவதற்கு! ஆபத்தை முன்னறிந்து செய்த ஏற்பாடு என்றே அதனையும் சொல்லவேண்டும். உருளைக்கு வேலி போடுவதைவிடக் கோடரி வைப்பது சுலபமென்று எண்ணினவர்கள் மூடர்களல்லர். கை தங்களுடையதன்று என்பதை அவர்கள் நன்கறிவர்.

இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டின் சட்டப்படி நால்வர் தொழிற்சாலைப் பரிசோதகராக நியமனமாயினர். 1844-ஆம் ஆண்டின் சட்டம் இயந்திரத்துக்கு வேலியிடக் கட்டளையிட்டது. மலாயாவிலோ முதலில் சட்டத்தின் கண் பட்டது கொதிகலன்மேல். சிலாங்கூரில் 1892-ஆம் ஆண்டில் கொதிகலன் சட்டம் பிறந்தது. 1914-ஆம் ஆண்டு முதல் கூட்டு மலாய் நாடுகளில் இயந்திரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொதிகலன் வெடித்தால் முதலாளியின் கட்டடமும் சேர்ந்து போகுமாதலின், அதன்மீது முதற் கருணை பிறந்ததில் வியப்பில்லை. 1953-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, 1967-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1970 பிப்ரவரியில் அமலான தொழிற்சாலை இயந்திரச் சட்டத்திலேதான், இயந்திரத்தின் நலத்தோடு தொழிலாளி மூச்சில் வாங்கும் தூசி, காதில் விழும் இரைச்சல் முதலியனவும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன.

அதற்குள் பிறையும் மாறிவிட்டது. 1964-ஆம் ஆண்டில் நாட்டின் முதற் சர்க்கரைச் சுத்திகரிப்பாலை இங்கே வேலை தொடங்கிற்று. கரும்பு அழிந்த மண்ணுக்குச் சர்க்கரை மட்டும் கப்பலேறி வந்தது ஒரு வேடிக்கை. அடுத்த பத்தாண்டுகளில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகள் ஆலைச் சீருடை அணிந்தார்கள்.

தோட்டத்திலே தங்கிய தாய்மாரின் கதை வேறு. களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையதாயிற்று. முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் என்னும் நஞ்சைத் தெளித்த அவர்கள், நகம் கறுத்து உதிர்வதையும் மூக்கில் இரத்தம் வடிவதையும் கண்ணெரிச்சலையும் பல்லாண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விழுங்கினால் மாற்றுமருந்தில்லாத நஞ்சு அது. தோட்டத்து ஏட்டில் 'முகமூடி வழங்கப்பட்டது, கையுறை வழங்கப்பட்டது' என்று இருந்தால் பரிசோதனை முடிந்துவிடும். நண்பகல் வெயிலில் அந்த முகமூடியை எத்தனை நாழிகை அணிய முடியும், மருந்து வழிந்த சட்டையை எங்கே துவைப்பது, அந்தச் சட்டையோடே வீடு சென்று குழந்தைக்குப் பால் கொடுப்பதா என்பவை ஏட்டில் வாரா. அவளைக் கேட்டால் வரும். கேட்டவர்கள் சிலர் இருந்தனர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோட்டத் தொழிலாளரின் குறைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனகானித்தா அமைப்பு, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களையே விசாரித்து 2002-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டே சர்க்கார் அந்நஞ்சைப் படிப்படியாக விலக்க முடிவுசெய்தனர். 2006-இல் அம்முடிவு தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் முழுத் தடை வந்தது. முகமூடியைத் திருத்துவதைவிட நஞ்சை நீக்குவதே நேர்வழி என்பது, கொயினாவுக்கும் குட்டைக்கும் இருந்த பழைய வழக்கின் மறுபதிப்பே. ஆயினும் தீர்ப்பு வர எத்தனை நகங்கள் உதிர்ந்தன என்று கணக்கெடுத்தார் இலர்.

இதற்கிடையே 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசு ஆலையொன்று வெடித்து இருபதின்மருக்கு மேல் மாண்டனர். 1994-ஆம் ஆண்டில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. இதன் கீழ் நாற்பது பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். அதில் முதலாளி தரப்பாரோடு தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரவேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் அக்குழு இடத்தைச் சுற்றிப் பார்க்கவேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டவன், சட்டத்தின்படி இப்போது சோதிப்பவனுமானான். இது சிறிய மாற்றமன்று.

ஆனால் நாற்காலி கிடைத்தவனெல்லாம் வாய் திறந்துவிடுவதில்லை. குழுவில் நம்மவர் ஒருவர் அமர்ந்து, கொடுத்த தாளில் கையெழுத்திட்டு, தேநீர் அருந்தி எழுந்துவருவாராயின், அந்நாற்காலியை யாரும் அமராமலே விட்டிருக்கலாம். படிக்கட்டில் எண்ணெய் சிந்தியிருக்கின்றது, வெளியேறும் வழியைப் பெட்டிகள் அடைத்திருக்கின்றன, இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றிவைத்தே வேலை வாங்குகின்றார்கள் என்று அன்றாடம் அவ்விடத்தில் நிற்பவனுக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. நம் சங்கங்கள் மேடைகளில் செலவிடும் நாழிகையில் ஒரு பங்கை, இவ்விதிகளைத் தமிழில் விளக்கிச் சொல்வதில் செலவிட்டால் நாம் மகிழ்வோம்.

சட்டம் மேலும் நடந்திருக்கின்றது. 2024 ஜூன் முதல் நாள் தொட்டுப் பழைய தொழிற்சாலை இயந்திரச் சட்டம் நீங்கி, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய எல்லாத் தொழிலிடங்களுக்கும் உரியதாயிற்று. ஆபத்தின் அளவை முன்னதாக மதிப்பிடுதல் முதலாளியின் கடமை என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்தென்று நம்பத் தகுந்த காரணமிருந்து, முதலாளி அதனை நீக்காதொழிந்தால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு அகலலாம். அதற்காக அவனைத் தண்டித்தலாகாது என்றும் எழுதப்பட்டது. 1884-ஆம் ஆண்டில் இதே கரையில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு அகன்ற தமிழன் குற்றவாளி. அவன் போகவேண்டிய இடம் சிறை.

அன்று நாம் நின்ற இடத்தில் இன்று வேறு மக்கள் நிற்கின்றனர். 2017 அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காவில் கட்டட வேலைத்தலத்தில் மண் சரிந்து பதினொருவர் புதையுண்டு மாண்டனர். பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். வங்காளத்தாரும் மியன்மாக்காரரும் நேப்பாளத்தாரும் மருத்துவச் சோதனை முடிந்தே வந்திறங்குகின்றனர். அவர்களுக்கு மேலாளராகவும் மேற்பார்வையாளராகவும் நம்மவர் பலர் இருக்கின்றனர் என்பதை இங்கே கூறாதிருத்தல் தகாது. புதிய சட்டத்தின் உரிமைகள் அவர்கள் படிக்கும் மொழியில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவரும் அம்மேற்பார்வையாளரே.

ஆயுதப்படையாரையும், கப்பல்களில் தனிச்சட்டத்தின்கீழ் வேலை செய்வோரையும் அத்திருத்தம் விலக்கியிருக்கின்றது. வீட்டு வேலைக்காரரும் அதற்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருக்கின்றனர்.